எந்த ஜி.சி.சி.?

டோல்கேட் தாண்டி எண்ணூர் வரைக்கும் ஒருவருடைய பெயரே தெரியாமல் காலம் முழுக்க அவரோடு பழகிவிடலாம். எழுத்து தெரிந்தால் போதும். எம்.ஆர்.எஃப். மாமா, கே.சி.பி. பெரியப்பா, எம்.எஃப்.எல். வீட்டு அக்கா, ஈ.டி.பி.எஸ். தாத்தா. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். தாத்தா இன்னமும் ஈ.டி.பி.எஸ். தாத்தாதான், அவரை மூட உத்தரவு வரவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை 2000-த்தில் எம்.ஆர்.எல். என்ற பழைய பெயரை விட்டு சி.பி.சி.எல். ஆனது. அங்கே வேலை பார்த்து ரிட்டயரான எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்த மாற்றத்தை இன்று வரை அங்கீகரிக்கவில்லை. யாராவது அவர் காதுபட சி.பி.சி.எல். என்றால், தன் பெண்டாட்டியை வேறு பெயரில் கூப்பிட்டதுபோல் முறைப்பார்.

எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்குக்கூட இனிஷியல் உண்டு. என்.டி.ஓ. குப்பம், கே.வி.கே. குப்பம். 'நல்ல தண்ணீர் ஓடைக் குப்பம் போகணும்' என்று முழுசாகச் சொன்னால் ஆட்டோக்காரர் நம்மை வெளியூர் என்று தெரிந்துகொண்டு மீட்டருக்கு மேலே கேட்பார். 'என்.டி.ஓ.' என்றால் பேசாமல் வண்டியைக் கிளப்புவார். பிள்ளை பிறப்பது ஆர்.எஸ்.ஆர்.எம்.மில், வீடு டி.எச். ரோட்டுக்கு உள்ளே, கரண்ட் பில் ஈ.பி.யில். வடசென்னைக்காரனின் வாழ்க்கையை அரை பக்கத்துக்குள் புள்ளி வைத்தே எழுதி முடித்துவிடலாம்.

இவ்வளவு எழுத்து இருந்தும் குழப்பம் என்று ஒன்று வந்ததில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு கம்பெனி, ஒரு கம்பெனிக்கு ஒரு சங்கு. எம்.ஆர்.எஃப். என்றால் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்து, அப்புறம் டயருக்குப் போன கம்பெனி. பலூனானாலும் டயரானாலும் சரக்கு காற்றுதான் என்பார் எம்.ஆர்.எஃப். மாமா. கேட்டில் நின்று பையனின் பெயரைச் சொல்ல வேண்டாம், அப்பாவின் எழுத்தைச் சொன்னால் வாட்ச்மேன் உள்ளே விட்டுவிடுவார்.

என் அதிர்ஷ்டம், எனக்கு வாய்த்த எழுத்து சி.எச்.ஏ. கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட். கப்பலில் வந்த சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டு, டூட்டி கட்டி, ஹார்பரிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சி. தம்பு செட்டித் தெருவில் மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ். அந்த லைசென்ஸ் முதலாளியுடையது. கஸ்டம்ஸ் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கு எஃப். கார்டு, ஜி. கார்டு. பரீட்சை இல்லாமல் அவர்கள் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலையில் நடக்கிறவனுக்கு எச். கார்டு. என் சட்டைப்பையில் இருந்தது எச். கார்டு.

பெண் பார்க்கப் போனபோது தரகர், 'மாப்ளை சி.எச்.ஏ. ஆபீஸ்' என்றுதான் சொன்னார். அதில் பொய்யே இல்லை. ராயபுரம் எம்.எஸ். கோயில் தெருவில் என் மாமனார் வீட்டு வாசலில் அந்த நேரம் மீன் வண்டிக்காரர் கூவிக்கொண்டிருந்தார். மாமனார் காதில் விழுந்தது சி.ஏ. ஆடிட்டர் மாப்பிள்ளை! நடுவில் இருந்த எச். அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கல்யாணம் முடிந்து நிதானமாக விசாரித்தபோது, அந்த எச். மட்டும்தான் நான் என்று தெரிந்தது.

இதற்காக என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தைதானே என்று நினைக்க வேண்டாம். பல வார்த்தை சொல்லியிருக்கிறாள். முதல் மார்ச் மாதம் அவளுடைய சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் வருமான வரிக் காகிதங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்ததை அவள் மறக்கத் தயாராக இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சுருக்கெழுத்து நுழைந்தாலும் அதன் முழுப் பெயரைக் கேட்டு, கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு தரம் எடை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

அப்பேர்ப்பட்டவளே ஏமாந்த எழுத்துதான் ஜி.சி.சி.

பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு நடையாக நடந்துகொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் மெட்ரோவிலிருந்து போன் வந்தது. "அம்மா, ஜி.சி.சி.ல கெடச்சிருச்சு!" ரயில் தண்டையார்பேட்டைப் பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கியதும் லைன் அறுந்தது. அவன் மறுபடி கூப்பிடுவதற்குள் அந்த மூன்று எழுத்து எங்கள் வீட்டில் மூன்று திசையில் போய்விட்டது.

மனைவிக்கு ஜி.சி.சி. என்றால் கிரேட்டர் சென்னை கார்ப்பரேஷன். குப்பை வண்டியில், தொட்டியில், தெரு முனை போர்டில், அதிகாரிகளின் ஜீப்பில், எங்கே பார்த்தாலும் அதே மூன்று எழுத்து. 2011 வரைக்கும் நாங்கள் தனி நகராட்சி. அந்த வருஷம் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி உட்பட 42 உள்ளாட்சிகளைச் சேர்த்ததில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தது. 1688-இல் ஆரம்பித்த மாநகராட்சி, இந்தியாவிலேயே மூத்தது. 323 வருஷம் கழித்து எங்களைச் சேர்த்துக்கொண்டதும் நேராக முதல் மண்டலம் என்று நம்பர் கொடுத்துவிட்டார்கள். மயிலாப்பூர்க்காரர் ஒன்பதில் இருக்கிறார், அடையாறுக்காரர் பதின்மூன்றில் இருக்கிறார், கடைசியாக வந்த நாங்கள் முதல் பந்தியில். வடக்கிலிருந்து எண்ணினார்கள் என்று என் பையன் காரணம் சொல்வான். எனக்கு அந்தக் காரணம் தேவையில்லை.

ஆகவே மனைவி கணக்குப்படி பையனுக்குக் கிடைத்திருப்பது ரிப்பன் மாளிகை வேலை. பென்ஷன் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். அரசாங்க முத்திரை இருக்கிறது. நேராக வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். போகிற வழியில் பூக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பூக்காரம்மாவிடம் சொல்வது கெஜட்டில் போடுவதற்குச் சமம்.

இரண்டாவது திசை, என் மச்சான். மனைவியின் தம்பி, சவூதியில் ஜுபைல் பக்கம் ஃபேப்ரிகேட்டராக இருந்து திரும்பியவன். அவனுக்கு உலகத்தில் ஒரே ஜி.சி.சி.தான்: 1981-இல் அபுதாபியில் கூடி ஆரம்பித்த வளைகுடா நாடுகளின் கூட்டமைப்பு. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், அமீரகம், ஆக ஆறு. அங்கே வேலைக்குப் போகிறவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும் 'ஜி.சி.சி. மெடிக்கல்' தெரிந்திருப்பான். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து 'ஃபிட்' என்று வந்தால்தான் விசா.

"இன்னா மாமா, எந்த நாடு?" என்றான் போனில்.

"நாடா? இந்த நாடுதான்னு நெனைக்கறேன்."

"ஜி.சி.சி.ல ஆறு நாடு கீது மாமா. குவைத்துன்னா வெயிலு ஜாஸ்தி. ஓமன்னா ஜனங்க நல்ல மாதிரி. மெடிக்கல் முடிஞ்சுதா? பாஸ்போர்ட்ல ஈ.சி.என்.ஆர். கீதா?"

அடுத்த எழுத்து வந்துவிட்டது என்று நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது திசை நான். தம்பு செட்டித் தெருவில் டெண்டர் ஃபாரம் புரட்டிய கண்ணுக்கு ஜி.சி.சி. என்றால் ஜெனரல் கண்டிஷன்ஸ் ஆஃப் கான்ட்ராக்ட். துறைமுகம், ரயில்வே, எந்த டெண்டர் வாங்கினாலும் முன்னால் ஒரு கொத்து காகிதம் இருக்கும்: யார் லேட்டானால் யார் அபராதம் கட்டுவது, புயல் வந்தால் யார் பொறுப்பு, சண்டை வந்தால் எந்த ஊர் கோர்ட். அதற்கு அடுத்தது எஸ்.சி.சி., அதாவது இந்த வேலைக்கு மட்டுமான விசேஷ நிபந்தனை. இரண்டும் முரண்பட்டால் எஸ்.சி.சி. சொல்வதே செல்லும் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். கல்யாண வாழ்க்கைக்கும் இந்த ஷரத்து பொருந்தும் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, வீட்டில் சொன்னதில்லை. பையன் ஏதோ கான்ட்ராக்ட் செக்‌ஷனில் சேர்ந்திருக்கிறான், கடைசியில் என் வழிக்கே வந்துவிட்டான் என்று பழைய டெண்டர் ஃபாரம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

கல்லூரியில் படிக்கிற சின்னவள் தன் பங்குக்கு பயாலஜி புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மரபணு எழுத்தில் ஜி.சி.சி. என்றால் அலனைன் என்ற அமினோ அமிலமாம். "அண்ணன் புரோட்டீன்ல சேந்துட்டாம்மா" என்றாள். முட்டை விலை கேட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஏதோ சத்துணவுத் துறை என்று முடிவு செய்துகொண்டு போனார். நான்காவது திசை.

சாயங்காலம் பையன் வந்தான். சட்டையில் வேர்வை, கையில் ஒரு கவர், முகத்தில் சிரிப்பு. கூடத்தில் கேசரி, மல்லிப்பூ, டெண்டர் ஃபாரம், ஸ்பீக்கர் போனில் மச்சான்.

"குளோபல் கேப்பபிலிட்டி சென்டர்ப்பா" என்றான்.

நிசப்தம். ஸ்பீக்கரில் மட்டும், "அது கத்தார்லயா?"

அதை எங்களுக்குப் புரிய வைக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே! வெளிநாட்டு பேங்க்கோ, கார் கம்பெனியோ, கடைக்காரனோ, தன் கணக்கு, கம்ப்யூட்டர், ஆராய்ச்சி வேலையை இங்கே இருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கொடுத்து வாங்காமல், தானே இங்கே ஆபீஸ் போட்டு, தன் சொந்த ஆளாகவே வைத்துச் செய்துகொள்வது. 1985-இல் பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆரம்பித்ததுதான் முன்னோடி என்கிறார்கள். 2024 கணக்குப்படி நாட்டில் இப்படி 1,700 சென்டர்களுக்கு மேல், 19 லட்சம் பேர் வேலை. நடுவில் கொஞ்ச காலம் இதையே ஜி.ஐ.சி. என்றார்களாம். அதைக் கேட்டதும் நான், "ஜி.ஐ.சி.ன்னா இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் இல்ல?" என்றேன். பையன் தண்ணீர் கேட்டான்.

எனக்கு விஷயம் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் எங்கள் தொழிலில் இது நடந்து முடிந்த கதை. பெரிய பெரிய கம்பெனிகள் ஒரு காலத்தில் சரக்கை எடுக்க எங்களிடம்தான் வருவார்கள். பிறகு ஒவ்வொருவராக, 'ஏஜென்ட் எதற்கு, நாமே ஆள் போட்டுக்கொள்வோம்' என்று தங்கள் ஆபீஸிலேயே ஒரு டிபார்ட்மென்ட் திறந்தார்கள். என் முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியே டீயைக் குடிப்பார். அப்பா ஏஜென்டிடம் வேலை பார்த்தவன். பிள்ளை ஏஜென்டைக் கழற்றிவிட்ட இடத்தில் வேலை பார்க்கிறான். வம்சம் முன்னேறுவது என்றால் இதுதான் போலிருக்கிறது.

"அப்போ கவர்மென்ட் இல்லயா?" என்றாள் மனைவி. குரல் கேசரியின் மேல் விழுந்தது.

அவளைத் தேற்றுவதற்காகப் பையன் இன்னொன்று சொன்னான். இந்த சென்டர்கள் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று அரசாங்கம் 2024-இல் ஒரு சலுகை அறிவித்தது. மாதம் 1 லட்சத்துக்கு மேல் சம்பளம் உள்ள புது வேலைகளுக்கு முதல் வருஷம் சம்பளத்தில் 30 சதவீதம், இரண்டாம் வருஷம் 20, மூன்றாம் வருஷம் 10, அரசாங்கமே கம்பெனிக்குக் கொடுக்கும்.

மனைவி நிமிர்ந்தாள். "சம்பளத்துல கவர்மென்ட் பணம் வருதில்ல? அப்ப கவர்மென்ட் வேலைதானே!"

"அம்மா, அது லட்சத்துக்கு மேல வாங்கறவங்களுக்கு. நான் அதுல பாதிகூட இல்ல."

"வருவே இல்ல? அப்ப பாதி கவர்மென்ட்" என்று தீர்ப்பை எழுதி முடித்து கேசரியைப் பரிமாறினாள். அந்தத் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

எனக்கு வேறொரு ஞாபகம். காலேஜ் நாட்களில் ராத்திரி ராத்திரியாகக் கறுப்புத் திரையில் அவன் 'ஜிசிசி' என்று தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தட்டியதும் மளமளவென்று தப்பு தப்பாக வரி விழும். பையன் தலையில் கை வைத்துக்கொள்வான். அது சி மொழியில் எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற கம்பைலராம். ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1987-இல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டது. முதலில் அதற்கு ஜி.என்.யு. சி கம்பைலர் என்று விரிவு. மற்ற மொழிகளும் சேர்ந்த பிறகு, 1999-இல், சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மட்டும் கம்பைலர் கலெக்‌ஷன் என்று மாற்றினார்கள். எழுத்தைத் தொடாமல் அர்த்தத்தை மட்டும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இந்த சாமர்த்தியம் என் கல்யாணத்தின்போது எங்கள் தரகருக்கு இல்லாமல் போயிற்று.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பூக்காரம்மாவிடம் சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. மறுநாளிலிருந்து வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. பேத்திக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வேண்டும். செத்துப்போன மாமியார் பெயரில் இருக்கிற சொத்து வரியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வைகாசியில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, சமுதாய நலக்கூடம் கிடைக்குமா? நாய்க்கு லைசென்ஸ் எடுக்கணுமாமே, எங்கே? எல்லாருக்கும் ஒரே பல்லவி: "தம்பி கைல ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

தம்பி மதியம் கிளம்பி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துப் பெருங்குடிக்குப் போய், லண்டன்காரன் கண் விழிக்கிற நேரத்துக்கு ஹெட்போனை மாட்டுகிறவன். அவனிடம் எந்த வார்த்தையைச் சொல்ல? ஆனால் வந்தவர்களிடம், 'அது இல்லைங்க, இது வேற' என்று முழுசாக விளக்கினால் அவர்கள் முகம் வாடுகிறது. கூடவே அவர்கள் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பும் திரும்பிப் போகிறது. நான் நடுவாந்தரமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். "பேப்பரக் குடுங்க, பாக்கறேன்."

பார்க்கத்தான் செய்தேன். முப்பது வருஷம் ஃபாரம் நிரப்பிய கை. பில் ஆஃப் என்ட்ரியைவிட மாநகராட்சி ஃபாரம் சுலபம்; மாமியார் எந்த நாட்டிலிருந்து இறக்குமதியானார் என்று அதில் கேட்பதில்லை. சின்னவளின் லேப்டாப்பில் மாநகராட்சி தளத்தைத் திறந்து, எந்த ஆவணத்தை இணைக்க வேண்டும் என்று பார்த்து, ஏற்றிக் கொடுத்துவிடுவேன். சொத்து வரியை அரையாண்டு தொடக்கத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்று நான் சொன்ன பிறகுதான் பாதித் தெருவுக்குத் தெரிந்தது. புகார் என்றால் 1913-க்குப் போன் போடுங்கள் என்பேன். ரிப்பன் மாளிகையைத் திறந்ததும் 1913-இல்தான் என்று உபரித் தகவலையும் சேர்த்துக் கொடுப்பேன், இலவசமாக. இப்படியாக ஜி.சி.சி.யில் சம்பளம் வாங்குகிறவன் மகன், வேலை பார்க்கிறவன் அப்பன் என்று ஆயிற்று.

டீக்கடையில் எனக்கு உட்கார பெஞ்சில் இடம் விடுகிறார்கள். ஈ.டி.பி.எஸ். தாத்தாவே நகர்ந்து உட்காருகிறார். எச். கார்டுக்காரனுக்கு இது பெரிய பதவி. மனைவியிடம் இதைச் சொன்னால், "பழம் கறுத்துப் போவுது, முதல்ல அத எடுத்துத் தின்னுங்க" என்கிறாள்.

ஒரு தரம் உண்டான மயக்கம் மற்ற இடத்திலும் ஒட்டிக்கொள்கிறது. எம்.எஃப்.எல். வீட்டு அக்கா அரக்கு டூர் போய்வந்து ஒரு பாட்டில் தேன் கொடுத்தார். லேபிளில் ஜி.சி.சி. அது விசாகப்பட்டினத்தில் 1956-இல் ஆரம்பித்த கிரிஜன் கோ-ஆபரேட்டிவ் கார்ப்பரேஷன். மலைவாழ் மக்களிடம் தேன், புளி, காபி வாங்கி விற்கிற ஆந்திர அரசு நிறுவனம். மனைவி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்ப்பரேஷன்ல தேன்கூட குடுக்கறாங்களா? நம்ம வார்டுக்கு வரவே இல்லியே!" என்றாள். மணலியில் பி.வி.சி. பைப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிற எங்கள் மாடிவீட்டுத் தம்பி அதற்குள், "ஜி.சி.சி. எங்க கம்பெனில மூட்ட மூட்டயா இருக்குதுக்கா" என்றான். அவன் சொன்னது கிரவுண்ட் கால்சியம் கார்பனேட், அதாவது அரைத்த சுண்ணாம்புக்கல் பவுடர். பைப்புக்கும் பெயின்ட்டுக்கும் அதுதான் ஊடுசரக்கு. அன்றைக்குத் தேனை யாரும் தொடவில்லை.

பையனுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் கச்சேரி களைகட்டியது. பயோடேட்டாவில் 'பணி: ஜி.சி.சி., சென்னை' என்று தரகர் அடித்துவிட்டார். விரிவாகப் போடச் சொன்னேன். "விரிச்சா வரன் வராது சார். சுருக்கினா நாலு பக்கத்துலேர்ந்தும் வரும்" என்றார். தொழில் தெரிந்த மனிதர். வந்தது. முதல் போன் கொருக்குப்பேட்டையிலிருந்து.

"வணக்கம் சார். தம்பி ஜி.சி.சி.ன்னு போட்டிருக்கு. எந்த ஜோனுங்க?"

ஆபீஸ் எங்கே என்று கேட்கிறார் என்று நினைத்து, "பெருங்குடிங்க" என்றேன்.

"ஓ, பதினாலாவது ஜோனு. ஒண்ணாவது ஜோன்ல வூட்ட வெச்சிக்கினு அம்மாந்தூரமா? டிரான்ஸ்ஃபர் கேட்டுப் பாக்கலாமே?"

"கேட்டான். போலந்துதான் காலியா இருக்குன்னாங்களாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "போலந்து எந்த ஜோன்ல வருது சார்?"

நான் சமாளித்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. "டூட்டி டைம் எப்பிடி?"

"மதியம் போனா நடுராத்திரி ஆவுங்க. சில நாள் விடிஞ்சிரும்."

"ஆமாமா, ராத்திரிலதானே மெஷின் வெச்சிக் கூட்றாங்க. இன்னா வேல?"

இங்கேதான் பையன் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தேன். "டேட்டா கிளீனிங்."

"கிளீனிங்கா…" என்று இழுத்தார். "சூப்பர்வைசரா, இல்ல…?"

தெருவைச் சுத்தம் செய்கிற வேலையை மட்டமாக நினைத்து இழுக்கிற அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் பையன் அங்கே என்ன துடைக்கிறான் என்று இன்றுவரை என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. காலையில் எங்கள் தெருவைக் கூட்டுகிற அம்மா என்ன செய்தார் என்பது அவர் போன பின் தெருவைப் பார்த்தால் தெரியும். அதனால் வீம்புக்கு, "கீழேர்ந்துதாங்க வந்துகிட்டிருக்கான்" என்றேன்.

"பர்மனென்ட்டுதானே?"

"அது அமெரிக்காகாரன் கையில இருக்குங்க."

"அமெரிக்காகாரனா? கார்ப்பரேஷன அவனா வாங்கிட்டான்?" என்று பதறியவர், பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் இதை கொருக்குப்பேட்டை முழுக்கச் சொல்லியிருப்பார். நாளைக்கு மெட்ரோவில் யாராவது என்னிடமே சொன்னால், நான் கேள்விப்படாததுபோல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தது கல்ஃப் ரக வரன். பெண்ணின் அப்பா முதல் கேள்வியே, "ஃபேமிலி விசா தருவாங்களா?" என்றார். மூன்றாவது ஒரு டெண்டர் கான்ட்ராக்டர் வீடு, அவர் ஒருவர்தான் என்னைப்போல நினைத்து, "தம்பிக்கு ஆர்பிட்ரேஷன் க்ளாஸ் நல்லாத் தெரியுமா?" என்று கேட்டார். அவரோடு மட்டும் நான் அரைமணி நேரம் ஆனந்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஜாதகம் பொருந்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தரகரே நேரில் வந்துவிட்டார். செருப்பை விடும்போதே, "அமைஞ்சிருச்சு சார். புது வண்ணாரப்பேட்டை. நல்ல குடும்பம். பொண்ணும் ஜி.சி.சி." என்றார்.

"எந்த ஜி.சி.சி.?" என்று நானும் மனைவியும் ஒரே குரலில் கேட்டோம். கல்யாணமானதிலிருந்து நாங்கள் ஒத்துப்போன தருணங்களில் இது முக்கியமானது.

"அத நான் கேக்கலீங்க. அவங்களும் உங்க பையனப் பத்திக் கேக்கல. ரெண்டு பக்கமும் ஜி.சி.சி.ன்னதும் ரெண்டு பக்கமும் சந்தோஷம். நடுவுல நான் ஏன் கெடுக்கணும்?"

மனைவி நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள்: கார்ப்பரேஷனா, கம்பெனியா, துபாயா, டெண்டரா, தேனா, சுண்ணாம்பா? எழுதி முடித்து, எனக்கு எதிரிலேயே அடியில் ஒன்று சேர்த்தாள்: நடுவில் எச். உண்டா?

சின்னவள் அதற்குள் மாமனுக்குப் போன் போட்டுவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ஜுபைல்காரன் ஸ்பீக்கரில் உற்சாகமாகிவிட்டான்.

"ரெண்டு பேருமே ஜி.சி.சி.யா? அப்ப செலவு மிச்சம்க்கா. மெடிக்கல ஒண்ணாவே முடிச்சிரலாம்."